இரண்டு மாதம் லீவு!

1968, மார்ச் 7. சண்டிகர். பஞ்சாப் சட்டசபையில் காது கிழியும் கூச்சல். சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான் சபையை ஒத்திவைப்பதாக அறிவித்தார்.

எவ்வளவு நேரத்துக்கு? பத்து நிமிஷம்? மத்தியானம் வரைக்கும்?

இரண்டு மாதத்துக்கு!

சொல்லிவிட்டு எழுந்து போயே போய்விட்டார்.

'எம்.எல்.ஏ.க்களுக்கு லீவு விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று நீங்கள் சிரிக்கலாம். கொஞ்சம் காலண்டரைப் பாருங்கள். நடந்துகொண்டிருந்தது பட்ஜெட் கூட்டத்தொடர். மார்ச் 31 என்பது, கணக்கு எழுதிப் பிழைக்கிற எவருக்கும் வயிற்றைக் கலக்கும் தேதி. கவர்ன்மென்ட்டுக்கும் அப்படித்தான். செலவு செய்ய சபை கொடுத்த அனுமதி அன்று ராத்திரியோடு காலாவதி. புதிய நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாவிட்டால், ஏப்ரல் 1 முதல் கஜானாவிலிருந்து பைசா எடுக்க முடியாது. வாத்தியார் சம்பளம், போலீஸ்காரர் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து எல்லாமே நின்றுபோகும். சபை மறுபடி கூடுவதோ மே மாதம்.

மான் ஏன் அப்படிச் செய்தார்? 1967 தேர்தலுக்குப் பிறகு குர்னாம் சிங் தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில் லச்மன் சிங் கில் ஆள்களோடு வெளியேறி, காங்கிரஸ் தயவில் தானே முதலமைச்சர் ஆனார். சபாநாயகர் நாற்காலியில் மட்டும் பழைய ஆட்சி உட்காரவைத்த அதே மான். அவரை நீக்கும் தீர்மானமும் வந்துவிட்டது. மிச்சத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். (பிற்காலத்தில் அகாலி அரசியலில் பெரிய பெயராக அடிபட்ட சிம்ரன்ஜித் சிங் மான் இவருடைய மகன்தான்.)

சரி, ஒரு சபாநாயகர் இப்படி இஷ்டத்துக்குப் பூட்டிவிட்டுப் போக முடியுமா?

விதி இடம் கொடுத்தது. சபையில் கடும் ஒழுங்கீனம் என்றால், தான் குறிப்பிடும் காலத்துக்குச் சபாநாயகர் ஒத்திவைக்கலாம். அந்தக் காலம் எவ்வளவு என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. பொதுவாக ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். நம் ஊரில் 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கேட்ட அன்று, சபாநாயகர் தனபால் முதலில் ஒரு மணி வரைக்கும், அப்புறம் மூன்று மணி வரைக்கும் ஒத்திவைத்தாரே, அந்த மாதிரி.

சட்டசபைக்கு மூன்று விதமாகப் பூட்டுப் போடலாம். சாப்பாட்டு வேளைக்குக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகிறாரே, அது ஒத்திவைப்பு. சபாநாயகர் கையில். சீஸன் முடிந்தது என்று கணக்கை மூடுவது, கூட்டத்தொடரை முடித்துவைப்பது. கவர்னர் கையில், மந்திரிசபை சொல்லிச் செய்வார். கட்டடத்தையே இடிப்பது கலைப்பு. அதுவும் கவர்னர்.

பாதி ஷட்டர் இறங்கியிருந்தாலும் கடை திறந்திருப்பதாகத்தான் சட்டத்தின் கணக்கு. சபை கூட்டத்தொடரில் இருக்கிறது என்றே அர்த்தம். அப்படி இருக்கும்போது அரசியல் சட்டம் 213-வது பிரிவின்படி கவர்னர் அவசரச் சட்டம் போட முடியாது. ஆக, மான் பூட்டிய பூட்டில் சபையும் கூட முடியாது. சபைக்குப் பதிலாக அவசரச் சட்டமும் வர முடியாது. கில்லாடி வேலைதான்!

கவர்னர் டி.சி. பாவதே ஒரு கணித மேதை. கேம்பிரிட்ஜில் 'ராங்லர்' பட்டம் வாங்கியவர். கணக்கை இப்படிப் போட்டார். மார்ச் 11: கூட்டத்தொடர் முடித்துவைப்பு. இப்போது கடை நிஜமாகவே மூடியாகிவிட்டது. மார்ச் 13: அவசரச் சட்டம். நிதி அலுவல்கள் முடியும் வரை, சபையே தீர்மானம் போட்டாலொழிய, யாரும் ஒத்திவைக்கக் கூடாது. அடுத்து, 18-ம் தேதி சபை கூடட்டும் என்று அழைப்பு.

18-ம் தேதி மான் வந்தார். அழைப்பே செல்லாது, மார்ச் 7-ல் சொன்ன இரண்டு மாதம் அப்படியே இருக்கிறது என்று தீர்ப்பு சொல்லிவிட்டு மறுபடி வெளியேறினார். துணைச் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒதுக்கீட்டு மசோதாக்கள் மளமளவென்று நிறைவேறின. அவை பண மசோதா என்று சான்று கொடுக்க வேண்டியது சபாநாயகர். அவர்தான் இல்லையே? துணையே கையெழுத்துப் போட்டார்.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அமிர்தசரஸ் கம்யூனிஸ்ட் சத்யபால் டாங் உள்ளிட்டவர்கள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ஜெயித்தும்விட்டார்கள்! அவசரச் சட்டமும் செல்லாது, ஒதுக்கீட்டுச் சட்டங்களும் செல்லாது. அப்படியானால் ஏப்ரலிலிருந்து செலவழித்த பணம் என்ன கணக்கு?

அடித்துப் பிடித்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது அரசு. ஜூலை 30-ம் தேதி தலைமை நீதிபதி ஹிதயதுல்லா தீர்ப்பு வாசித்தார். கூட்டத்தொடர் முடிந்ததும் அதில் போட்ட ஒத்திவைப்பும் சேர்ந்து செத்துப்போனது. நிதி அலுவல் தடைபடாமல் நடக்க 209-வது பிரிவின்படி சட்டம் செய்யலாம்; அவசரச் சட்டமும் சட்டமே. அதற்கு விரோதமாகச் சபாநாயகர் ஒத்திவைத்தால் அது செல்லாது. துணைச் சபாநாயகரின் சான்றும் போதும். அரசு தப்பியது.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. சபையை எப்போது ஒத்திவைக்கலாம் என்று, அந்தச் சபை கூடாத நேரத்தில் கவர்னர் மாளிகையில் சட்டம் எழுதுவது அழகான காட்சி இல்லை. ஆனால், இரண்டு மாதத்துக்கு மக்களின் சம்பளப் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வது அதைவிட அசிங்கம். கோர்ட்டுக்கும் வேறு வழி இருந்திருக்காது. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய கில் ஆட்சி, அந்த ஆகஸ்டிலேயே காங்கிரஸ் காலை வாரியதில் கவிழ்ந்தது வேறு கதை.

கதை அதோடு முடியவில்லை. அதே பஞ்சாப், 55 வருஷம் கழித்து, 2023. மார்ச் 22-ல் சபாநாயகர் குல்தார் சிங் சந்த்வான் பட்ஜெட் கூட்டத்தொடரைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். முடித்துவைப்பு மட்டும் நடக்கவில்லை. பாதி ஷட்டர்! ஜூன் 19, 20-ல் ஷட்டரைத் தூக்கிச் சபையைக் கூட்டினார். கவர்னரின் அழைப்பே தேவைப்படவில்லை. நிறைவேறிய மசோதாக்களில் ஒன்று, பல்கலைக்கழக வேந்தர் பதவியைக் கவர்னரிடமிருந்து எடுத்து முதலமைச்சருக்குக் கொடுப்பது.

கவர்னர், கூட்டமே செல்லாது என்று மசோதாக்களை நிறுத்திவைத்தார். அவர் பன்வாரிலால் புரோஹித். ஆமாம், 2017 முதல் 2021 வரை நம் கிண்டி ராஜ்பவனில் இருந்தவரேதான்.

இந்த முறை சுப்ரீம் கோர்ட் சபாநாயகர் பக்கம். 2023 நவம்பர் 10 அன்று, ஒத்திவைத்த சபையைத் திரும்பக் கூட்டியது சபாநாயகரின் அதிகாரத்துக்கு உட்பட்டதே, அதில் சந்தேகம் கிளப்பக் கவர்னருக்கு வேலையில்லை என்று சொன்னது. கூடவே, ஷட்டரை வருஷக்கணக்கில் பாதியிலேயே தொங்கவிட்டு வைக்காதீர்கள் என்று சந்த்வான் தரப்புக்கும் லேசாக ஒரு குட்டு.