நேரில் வராத ரசிகரும் ஒரு மேடை ஒலிப்பதிவும்

ராக் இசை வரலாற்றில் ரசிகர்களின் கச்சேரிப் பதிவுகளுக்குத் தனி இடம் உண்டு. 1984இல் கிரேட்ஃபுல் டெட் குழு, ஒலிப்பதிவு செய்வோருக்கென்றே அரங்கில் ஒரு பகுதியை ஒதுக்கியது. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, ரசிகர் ஒருவரின் விருப்பத்தால் பதிவான நிகழ்ச்சியொன்று மைசூரின் வரலாற்றோடு இணைந்திருக்கிறது.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948இல் இயற்றிய ‘இறுதி நான்கு பாடல்கள்’ அவர் மறைவுக்குப் பின், 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர். நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்தவர் மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார். சாமராஜநகர் இவர்தம் முன்னோர் ஒருவரின் பெயரைத் தாங்கிய ஊர். மன்னரால் லண்டன் செல்ல இயலவில்லை. ஏறத்தாழ 20,000 இசைத்தட்டுகள் கொண்ட தம் சேகரிப்புக்கு அப்பதிவு வந்துசேர வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

பதிவான அசிடேட் தட்டுகள் விரைவில் தேய்ந்தன. அவற்றிலிருந்து எடுத்த முதல் எல்.பி. தட்டின் ஒலி மிக மோசமாக இருந்தது. 2007இலும் 2014இலும் கணினிவழிச் சீரமைப்பு நடந்த பின்னரே அந்த மாலை ஓரளவு தெளிவாகக் கேட்கிறது.

மன்னரின் செல்வமும் கலைஞர்களின் புகழும் இப்பதிவைக் காத்தன. எளிய ரசிகர்கள் திருவிழா மேடைகளில் எடுத்த கேசட்டுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. களஆய்வில் அவற்றைக் காணும் மாணவர்கள், நாள், இடம், கலைஞர், பதிவு செய்தவர் ஆகிய நான்கையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒலியைப் பின்னர் சீரமைக்கலாம். இவ்விவரங்களை அறிந்தவர் மறைந்தால் அவற்றை மீட்க வழியில்லை.