இடுப்பெலும்பை இளக்கும் சுரப்பு: எலி வளையிலிருந்து மரபணு வரை

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கத்து நெல்வயல்களிலும் வேடசந்தூர்ப் பக்கத்துக் கடலைக்காடுகளிலும் வரப்பை வெட்டினால் எலி வளை தட்டுப்படும். குறுகிய வளைக்குள் ஓடித் திரியும் உடலுக்கு இடுப்பும் குறுகலாக இருப்பதே வசதி. ஆனால் அந்த இடுப்பின் வழியாகத்தான் குட்டிகளும் வெளிவர வேண்டும். இந்த முரண்பாட்டை உடல் எப்படித் தீர்க்கிறது என்ற கேள்வியே ரிலாக்சின் என்னும் ஹார்மோனைக் கண்டறிய வழிவகுத்தது.

அமெரிக்காவின் கான்சாஸில் பயிரை அழிக்கும் கோஃபர் என்ற வளை எலியை ஆராய்ந்த ஃபிரடெரிக் ஹிசா ஒரு விந்தையைக் கண்டார். ஆண், பெண் இரண்டுக்கும் இளமையில் இடுப்பின் பூப்பெலும்புகள் முன்புறம் இணைந்தே இருக்கின்றன. பெண்ணுக்கு மட்டும் இனப்பெருக்கப் பருவம் நெருங்கும்போது அந்த எலும்பு கரைந்து இடுப்பு திறந்துகொள்கிறது. இதற்குச் சினைப்பையே காரணம் என்று 1925இல் நிறுவினார். அடுத்த ஆண்டு சினைக் கினிப்பன்றியின் குருதி நீரைக் கன்னிக் கினிப்பன்றிக்குச் செலுத்தினார். பூப்பெலும்புகளை இணைக்கும் நாண் சில மணி நேரத்தில் தளர்ந்தது. பிறகு விஸ்கான்சினில் ஃபெவோல்ட், மேயர் ஆகியோருடன் சேர்ந்து, பெண் பன்றியின் சினைப்பையிலுள்ள கார்பஸ் லூட்டியம் என்ற திசுவிலிருந்து, நாணைத் தளர்த்தும் பொருளான ரிலாக்சினைப் பிரித்தெடுத்தார்.

அதன்பின் வந்த குழப்பம்தான் இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் நீண்ட நாள் கொடுத்தாலும் கினிப்பன்றியின் இடுப்பு தளர்ந்தது. ஈஸ்ட்ரோஜனுக்குப் பின் புரோஜெஸ்ட்ரோன் கொடுத்தாலும் சில நாட்களில் அதே விளைவு. அப்படியானால் ரிலாக்சின் என்று தனியாக ஒன்று எதற்கு? பலர் அதை மறுத்தனர். 1944இல் ஹிசாவும் சாரோ, மனி முதலிய கூட்டாளிகளும் கருப்பை நீக்கிய விலங்குகளில் சோதித்தபோது விடை கிடைத்தது. அவற்றில் புரோஜெஸ்ட்ரோன் பலிக்கவில்லை, ரிலாக்சின் பலித்தது. புரோஜெஸ்ட்ரோன் நேரடியாக வேலை செய்யாமல், கருப்பையை ரிலாக்சின் சுரக்கவைத்தே இடுப்பைத் தளர்த்துகிறது என்பது புலனாயிற்று. உறுப்பை நீக்கிப் பார்த்த அந்த ஒரு சோதனை, பத்தாண்டுக்கு மேலான வாதத்துக்கு முடிவு கட்டியது.

சுண்டெலியில் திசு மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ 19 நாள் கர்ப்பத்தின் பிற்பாதியில் பூப்பெலும்புகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்பு நெகிழ்வான நாணாக மாறி, இடைவெளி சில மில்லிமீட்டர் விரிகிறது. ஈஸ்ட்ரோஜன் முதலில் திசுவைப் பக்குவப்படுத்துகிறது. பிறகு ரிலாக்சின் கொலாஜன் இழைகளின் கட்டைத் தளர்த்துகிறது. நீரும் ஹயலுரோனிக் அமிலமும் சேர்ந்து திசு மென்மையாகிறது. ஈன்ற பிறகு இடைவெளி மீண்டும் சுருங்குகிறது. ஆனால் ஆய்வுக்கூட வெள்ளை எலியின் பூப்பெலும்பு இப்படி அகலத் திறப்பதில்லை. அதில் ரிலாக்சினின் வேலை பெரிதும் கருப்பைவாயை மென்மையாக்குவதே.

1970களில் பன்றி ரிலாக்சினைத் தூய்மைப்படுத்தி அமைப்பைக் கண்டபோது, அது இன்சுலினைப் போன்ற இரு சங்கிலி மூலக்கூறு என்று தெரிந்தது. 1999இல் மெல்பர்னில் ரிலாக்சின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தனர். சினைக்காலத்தில் அவற்றின் பூப்பெலும்பு இணைப்பு தளரவில்லை. ஆயினும் அவை குட்டி ஈன்றன. முலைக்காம்புகள் வளராததால் குட்டிகள் பால் குடிக்க முடியாமல் இறந்தன. இடுப்புக்காகத் தேடப்பட்ட ஹார்மோன் சுண்டெலியின் பாலூட்டலுக்கும் இன்றியமையாதது என்பது அப்போது உறுதியாயிற்று. 2002இல் அதன் ஏற்பியும் அடையாளம் காணப்பட்டது.

ஓர் இனத்தின் விடையை இன்னொன்றின்மேல் ஏற்றக் கூடாது என்பதே இந்த வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு. பெண்களுக்கு ரிலாக்சின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் உச்சம் தொடுகிறது. பேறுகால இடுப்பு வலிக்கும் அதன் அளவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. எனவே கர்ப்பிணியின் இடுப்பு வலிக்கெல்லாம் ரிலாக்சினே காரணம் என்று சொல்வது சரியல்ல.

ஹிசாவின் தொடக்கம் எளியது: பிடிபட்ட பயிர்ப்பகையின் எலும்பை உற்றுப் பார்த்தார். திண்டுக்கல் வயல்களிலும் ஒவ்வோர் அறுவடைக்கும் பெருச்சாளியும் வெள்ளெலியும் வயல் சுண்டெலியும் பிடிபடுகின்றன. அவற்றின் இடுப்பெலும்புகளை ஆண், பெண், சினை எனப் பிரித்து அளந்து பதியும் பணியைக் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் மாணவர்கள் ஏற்க வேண்டும்.