சூலியா தெருவில் ஒரு பழைய பேட்டரி



பினாங்கின் சூலியா தெருவை அறியாத தமிழர் குறைவு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் 'சூலியா' என்றழைத்தார்கள். அதுவே தெருவின் பெயராயிற்று. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அருகில்தான் இருக்கின்றது. அண்மையில் அத்தெருக் கடையொன்றில் என் கைப்பேசியின் உப்பிப்போன பேட்டரியை மாற்றினேன். "பழசைக் குப்பையில் போட்டுவிடு, தம்பி" என்றேன். "அது கூடாது சார்" என்று தனி டப்பாவில் வைத்தார் கடைக்காரர். எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

என் சிறுவயதில் தோட்டத்து லயங்களில் மின்சாரம் சில மணி நேரமே வரும். தொலைக்காட்சி கார் பேட்டரியில்தான் ஓடும். சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சார்ஜ் செய்து வருவோம். அது பயனற்றுப் போனால் உடைத்து, அமிலத்தைக் கால்வாயில் ஊற்றிவிட்டு, ஈயத்தை அடுப்பில் உருக்கி வீச்சுவலைக்குக் குண்டு செய்வார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். ஈயப்புகையும் தூசும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று எங்களுக்குச் சொல்வாரில்லை.

மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யத்தக்க அந்த ஈய பேட்டரியை 1859-இல் பிரான்சு நாட்டுப் பிளான்டே கண்டுபிடித்தார். 1899-இல் சுவீடனின் யுங்னர் நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் செய்தார். காட்மியம் சிறுநீரகத்திற்கு நஞ்சு. கைப்பேசியிலுள்ள லித்தியம் வகை 1991-இல் விற்பனைக்கு வந்தது. நசுங்கினால் தீப்பற்றும்.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. அபாயக் கழிவுகளுக்கான விதிகள் 1989-இல் வந்தன. அதே ஆண்டில்தான், பணக்கார நாடுகளின் நச்சுக் கழிவு ஏழை நாடுகளில் கொட்டப்படுவதைக் கட்டுப்படுத்த பாசல் உடன்படிக்கை உருவாயிற்று. மலேசியா 1993-இல் சேர்ந்தது. இப்போதுள்ள விதிகள் 2005 ஆகஸ்டு 15-இல் நடப்புக்கு வந்தவை. ஈய பேட்டரிக் கழிவுக்கு அவற்றில் 102 என்ற எண். நிக்கல், காட்மியம், பாதரசம், லித்தியம் உள்ளவற்றுக்கு 103. இத்தகைய கழிவை உண்டாக்குகிறவர் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேலோ, 20 டன்னுக்கு மேலோ தேக்கி வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற இடத்திற்கே அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் ஆலைகளை நினைத்து எழுதியவை போலத்தான் எனக்குப் படுகின்றது. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பேட்டரிக்குக் கணக்குக் கேட்க எவரும் வருவதில்லை. ஆனால் நஞ்சுக்கு ஆலை, வீடு என்ற பேதமில்லையே!

கார் பேட்டரியை உடைக்காமல், அமிலத்தைக் கொட்டாமல் கொடுத்தால், புதியதன் விலையில் கழித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. கைப்பேசி பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, டவுனுக்குப் போகும்போது மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்ளும் கடையில் கொடுத்துவிடலாம். உப்பியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.