ஐந்தாம் சக்கரத்தின் கதை

ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். திருச்சி–சிதம்பரம் சாலையில் போகும் கனரக வண்டிகளில் சில ஒரே உடம்பாக இருப்பதில்லை. முன்னால் ஒரு குட்டையான இழுவை லாரி, அதன் முதுகின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு பின்னால் ஒரு நீண்ட டிரெய்லர். வளைவில் இழுவை லாரி முதலில் திரும்புகிறது. டிரெய்லர் சற்று யோசித்துவிட்டுத் திரும்புவதுபோல் பின்தொடர்கிறது. டிரெய்லரின் பின்பக்கம் சக்கரங்கள் இருக்கின்றன. முன்பக்கம் ஒன்றும் இல்லை. பாதிச் சக்கரமுள்ள இந்த வண்டியைத் தாங்குவது எது?

தாங்குவது ‘ஐந்தாம் சக்கரம்’. பெயரைக் கேட்டு வண்டியின் அடியில் தேட வேண்டாம். அது சாலையைத் தொடுவதே இல்லை. இழுவை லாரியின் பின் அச்சுக்கு மேலே படுக்கைவாட்டில் கிடக்கும் கனமான எஃகுத் தட்டுதான் அது. அதன் பின்புறம் குதிரைலாடம்போல் பிளந்திருக்கும். டிரெய்லரின் அடியில் தொங்கும் ‘கிங் பின்’ என்னும் தடித்த முளை அந்தப் பிளவுக்குள் நுழைந்ததும், இரும்புத் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். பொதுவான கிங் பின்னின் விட்டம் 2 அங்குலம்; மிகக் கனத்த பாரங்களுக்கு மூன்றரை அங்குலம். இவ்வளவு சிறிய முளையை நம்பித்தான் 30 டன் சரக்கு நம் ஊர்களைக் கடந்து போகிறது.

சக்கரம் என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்துச் சொத்து. நான்கு சக்கரமும் அசையாத அச்சில் மாட்டிய வண்டி எப்படித் திரும்பும் என்று நம் கோவில் தேரைப் பார்த்தால் தெரியும். 300 டன் அளவு என்று சொல்லப்படும் திருவாரூர்த் தேரை வீதி முனையில் திருப்ப, வடம் பிடிப்பவர்களின் பலம் மட்டும் போதாது. சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் அதன் முகத்தைத் திருப்ப வேண்டும். அன்றாடம் ஓடும் கோச்சு வண்டிக்கு இது ஆகுமா? ஆகவே முன் அச்சு தனியாகத் திரும்பும்படி, அதற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கவைத்தார்கள். நான்கு சக்கரம் தரையில். ஐந்தாவது படுத்த நிலையில். மோட்டார் வந்ததும் குதிரை போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மோட்டார்க் கார்கள் செய்துவந்த அலெக்சாண்டர் விண்டன், விற்ற கார்களை வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காரின் பின்னே ஒரு பாதி வண்டியைப் பூட்டினார். 1914இல் டெட்ராய்ட் நகரத்துக் கொல்லர் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃபிடம் ஒரு மர வியாபாரி வந்தார். தம் படகை ஃபோர்டு காரின் பின்னால் இழுத்துச்செல்ல ஒரு வண்டி வேண்டும் என்றார். அந்த வண்டி நன்றாக உழைத்தது. வியாபாரிக்கு மரம் ஏற்றவும் அதே மாதிரி வேண்டியிருந்தது. ஒரு பெருந்தொழில் இப்படிப் பிறந்தது. எளிதாகப் பூட்டவும் கழற்றவும் ஏற்ற ஐந்தாம் சக்கரத்தை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கியவராகச் சார்ல்ஸ் மார்ட்டினைச் சொல்வார்கள். விமானம் கட்டிய கிளென் கர்ட்டிஸ்கூட இதில் ஆசைப்பட்டு, 1920களின் இறுதியில் உள்ளே தங்கிப் பயணம் செய்யும் டிரெய்லர் வீடுகளைச் செய்தார். இன்று அமெரிக்கக் குடும்பங்கள் பிக்கப் வண்டியின் முதுகில் மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீடுகள் அந்த வழியில் வந்தவை.

இதெல்லாம் அன்னிய நாட்டுப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். நம் இரட்டை மாட்டு வண்டியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பின்னால் இரண்டு சக்கரம். முன்னால் சக்கரமே இல்லை. ஏர்க்காலின் நுனி நுகத்தடிமேல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. மீதிப் பாரம் காளைகளின் கழுத்தில் இறங்குகிறது. அந்தக் கயிற்றுக் கட்டுதான் கிங் பின். காளைகளை அவிழ்த்தபின் ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைதான், கழற்றிய டிரெய்லர் ஊன்றி நிற்கும் இரும்புக் கால்கள். விண்டனுக்கும் ஃப்ரூஹாஃபுக்கும் எத்தனையோ தலைமுறைகள் முன்பே நம் தச்சர்கள் பாதி வண்டியைச் செய்துவிட்டார்கள் என்று சொன்னால் அது வெறும் ஊர்ப்பெருமை ஆகாது.

கணக்கும் ஒன்றேதான். வண்டிக்காரர் மூட்டை அடுக்கும்போது ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அச்சிலிருந்து நுகத்தடி 3 மீட்டர் தூரம் என்றும், வண்டியும் சரக்குமாக 1,000 கிலோ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தின் மையம் அச்சுக்கு 15 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் கழுத்தில் இறங்குவது 50 கிலோ. மையம் 30 சென்டிமீட்டர் முன்னால் போனால் 100 கிலோ; மாடு திணறும். அச்சுக்குப் பின்னால் போனாலோ ஏர்க்கால் மேலெழும்பி, பூட்டிய கயிறு காளையின் தொண்டையை இறுக்கும்.

டிரெய்லரில் கிலோவுக்குப் பதில் டன். பின் அச்சுகளின் நடுவிலிருந்து கிங் பின் 8 மீட்டர், மொத்தம் 30 டன், அதன் மையம் அச்சுகளுக்கு 3 மீட்டர் முன்னால் என்றால், ஐந்தாம் சக்கரத்தின்மேல் 11¼ டன் இறங்கும். அவ்வளவையும் தாங்கக்கூடிய இழுவை லாரிதானா என்று பார்ப்பதுதான் வண்டி தேர்ந்தெடுப்பதில் முதல் வேலை. ‘எத்தனை குதிரைச் சக்தி?’ என்ற கேள்வி அதற்கு அப்புறம். கட்டு தளர்ந்து சரக்கு நழுவி, மொத்தப் பாரத்தின் மையம் 1 மீட்டர் பின்னால் போனால் முன்பாரம் ஏழரை டன்னாகக் குறைந்துவிடும். மழைச் சாலையில் இழுவைச் சக்கரங்களுக்குப் பிடிப்பு போதாது. அவை வழுக்கினால் பின்னால் வரும் பாரம் தள்ளி, வண்டி பேனாக்கத்திபோல் மடியும்.

ஐந்தாம் சக்கரத்தைப் பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது துளி முன்னால் வைப்பதற்கும் காரணம் உண்டு. வண்டியின் வாலில் கொக்கி போட்டு இழுத்தால், பின்வண்டி ஆடும்போதெல்லாம் முன்வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அது அச்சைச் சுற்றி நெம்புகோலாக வேலைசெய்து முன்சக்கரங்களை வழிதவறச் செய்யும். அச்சின் மேலேயே தள்ளினால் நெம்புகோலுக்கு நீளமே இல்லை.

பராமரிப்பும் பழைய பாடம்தான். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சுக்கு இட்ட இடத்தில், இன்று எஃகுத் தட்டின்மேல் கிரீஸ் பூசுகிறார்கள். தட்டு காய்ந்தால் டிரெய்லர் எளிதாகத் திரும்பாது, ஸ்டியரிங் கனக்கும். பூட்டியதும் தாடை கவ்வியதா என்று கண்ணால் பார்த்து, பிறகு டிரெய்லரின் பிரேக் பிடித்தபடி இருக்க, லாரியை மெல்ல முன்னால் இழுத்தும் பார்ப்பார்கள். இதைச் சோம்பலால் விட்ட ஓட்டுநர் டிரெய்லரை நடுச் சாலையில் உதிர்த்துவிட நேரும். காற்றுக் குழாய்களில் ஒன்று எப்போதும் அழுத்தத்தோடு இருக்கும். அது அறுந்தால் டிரெய்லரின் பிரேக்குகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாவிட்டால் நிற்பது என்ற இந்த ஏற்பாடு ரயிலிடமிருந்து கற்றது.

நீண்ட வண்டிதான் சாலையைக் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டி நடத்திய சோதனையில், ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று கண்டார்கள். ஆகவே அச்சுகள் பல கொண்டு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் டிரெய்லரைவிட, சுண்ணாம்புக் கல்லை அளவுக்குமேல் குவித்த சிறிய லாரி சாலைக்குப் பெரிய எதிரி. இந்தியாவில் 2018இல் வண்டியின் மொத்த எடைக்கு இருந்த உச்சவரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கிலும் எத்தனை அச்சு என்பதே அடிப்படை.

இனி, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் உங்களுக்கு ஒரு வடிவியல் கணக்கு. கிங் பின் 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றுகிறது. அதிலிருந்து டிரெய்லரின் பின் அச்சுகள் 8 மீட்டர். பைதகோரஸ் தேற்றப்படி 144இலிருந்து 64 போக 80. அதன் வர்க்கமூலம் 9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது பின்சக்கரங்கள் 3 மீட்டருக்கு மேல் உள்வாங்கி ஓடும். தெருமுனையில் கால் வட்டம் திரும்பும்போது இவ்வளவு வராது. ஆனாலும் சாலையோரத்து இடத்தைச் சாப்பிட்டுவிடும்.

இதனால்தான் இடப்பக்கம் திரும்பப் போகும் டிரெய்லர் ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் ஒதுங்குகிறார். வலப்பக்கம் போகிறார் என்று எண்ணி அந்த இடைவெளியில் யாராவது சைக்கிளை நுழைத்தால், சிறிது நேரத்தில் டிரெய்லரின் நடுப்பகுதி அவர்மேல் வந்து சாயும். இழுவை லாரி இடப்பக்கம் மடிந்துவிட்ட அந்த வேளையில், ஓட்டுநரின் இடப்பக்கக் கண்ணாடியில் தெரிவது டிரெய்லரின் பக்கச்சுவர் மட்டுமே.