கிராஞ்சியில் துயிலும் அறுவை மருத்துவர்

கிராஞ்சி என்றதும் சிங்கப்பூரர் பலருக்கும் நினைவில் எழுவது போர் நினைவிடமே. மேட்டின்மீது வரிசை வரிசையாக நிற்கும் வெண்கற்களைப் பார்த்துத் திரும்புவோர், அதனை அடுத்துள்ள சிறிய அரசு இடுகாட்டின் பக்கம் பெரும்பாலும் செல்வதில்லை. அங்கே துயில்வோர் இருவர். ஒருவர் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். மற்றவர் இரண்டாம் அதிபர் பெஞ்சமின் ஹென்றி ஷியர்ஸ்.

முதலாமவரை என் மாணவர்கள் உடனே அடையாளம் காண்பர். வெள்ளித் தாள்களில் அவர் முகம் அன்றாடம் கண்ணில் படுகிறதல்லவா! இரண்டாமவரின் பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்தது விரைவுச்சாலையில் உள்ள பாலம் மட்டுமே. "அவர்தான் அந்தப் பாலத்தைக் கட்டினாரா, ஆசிரியரே?" என்று தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவன் ஒருவன் கேட்டான். பாலம் திறக்கப்பட்டது 1981 செப்டம்பரில். அவர் மறைந்ததோ அதே ஆண்டு மே 12ஆம் நாள். அவர் பாலம் கட்டியவர் அல்லர். தாய்மார்களின் வயிற்றில் கத்தி விழ வேண்டிய இடத்தைச் சில அங்குலம் கீழே இறக்கியவர். இதனை நான்காம் வகுப்பில் எப்படிச் சொல்வது? ஆகவே பெரியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஷியர்ஸ் 1907 ஆகஸ்ட் 12 அன்று சிங்கப்பூரில், எளிய யுரேஷியக் குடும்பத்தில் பிறந்தார். ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1929இல் தேர்ச்சி பெற்றார். மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகத் தேர்ந்துகொண்டார். மேற்பயிற்சிக்குப் பிரிட்டன் செல்ல 1940இல் உதவித்தொகை கிடைத்தும், போர் குறுக்கிட்டதால் போக இயலவில்லை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகி, பிரிட்டிஷ் மருத்துவர்கள் சிறை சென்றபோது, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் மகப்பேற்றுத் துறைப் பொறுப்பு இவரிடம் வந்தது. அமைதிக் காலத்தில் உள்ளூர் மருத்துவர் ஒருவர் எளிதில் எட்ட முடியாத இருக்கை அது. போர் முடிந்த பின் இலண்டன் சென்று, 1948இல் அரச மகப்பேற்று மருத்துவக் கல்லூரியின் உறுப்பினர் தகுதி பெற்றார். பின்னர் இங்கிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

கண்டாங் கெர்பாவ் என்பது மலாய்ச் சொல். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். சிராங்கூன் சாலைப் பகுதியில் நம்மவர் மாடு வளர்த்து வாணிகம் செய்த காலத்தின் எச்சம் அது. 'பஃபலோ ரோடு', 'கெர்பாவ் ரோடு' ஆகியவையும் அக்காலத்தை நினைவூட்டும் பெயர்களே. அவ்வட்டாரத்தை நாம் தேக்கா என்கிறோம். அது மூங்கிலடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல். சீனர்கள் மருத்துவமனையையும் அப்பெயராலேயே அழைத்தனர். அது 1924 அக்டோபர் 1 அன்று 30 படுக்கைகளுடன் இலவச மகப்பேற்று மருத்துவமனையாகத் தொடங்கியது. 1966இல் அங்கு ஓராண்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 40,000. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல்! உலகிலேயே மிகுதியான பிறப்புகள் நிகழ்ந்த மகப்பேற்றகம் என்று கின்னஸ் நூலும் அதனைப் பதிந்தது. இதைப் படிக்கும் சிங்கப்பூர்த் தமிழரில் பலர் அங்கே முதல் அழுகையை அழுதவர்களாக இருப்பர். யானும் அவ்வாறே.

இனிக் கத்தியின் கதைக்கு வருவோம். சிசேரியன் என்னும் பெயருக்கு ஜூலியஸ் சீசர் அவ்வாறு பிறந்ததே காரணம் என்பர். அது பொருந்தாக் கதை. அவருடைய தாய் அவர் வளர்ந்து ஆளான பின்னும் உயிரோடிருந்தார். பண்டைக் காலத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தது, தாய் இறந்த பின்னரே அல்லது இறக்கும் தறுவாயிலேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மயக்க மருந்து வந்த பின்னும் தாய் பிழைப்பது அரிதாயிருந்தது. கீறிய கருப்பையைத் தைக்காமலே விட்டுவிடும் வழக்கம் அதற்கு ஒரு காரணம். ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் ஸேங்கர் 1882இல் கருப்பையைக் கவனமாகத் தைத்து மூடும் முறையை வகுத்த பின்னரே இந்த அறுவைக்கு உண்மையான நம்பிக்கை பிறந்தது.

ஆயினும் அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியையே நெடுக்காகக் கீறினர். அப்பகுதி தடித்த தசையால் ஆனது. குருதி பெருகி ஓடும். பிள்ளை பிறந்த பிறகும் அத்தசை சுருங்கி விரிந்துகொண்டே இருப்பதால் தையல் தளரும். தழும்பு உறுதியாக ஆறாது. கருப்பைக்குள் தொற்று இருந்தால் அது வயிற்றறைக்குள் எளிதில் பரவிவிடும். இவற்றைக் கடந்து பிழைத்த தாய்க்கும் அடுத்த பேறு ஆபத்தாகவே இருந்தது. வலி கண்டதும் பழைய தழும்பு பிளக்கலாம். வலி காண்பதற்கு முன்பே பிளப்பதும் உண்டு.

கருப்பையின் கீழ்ப்பகுதி வேறு தன்மையுடையது. அது மெல்லியது, பேற்று வலியின்போது விரிந்து கொடுப்பதேயன்றி வலிந்து சுருங்குவதன்று. அங்கே குறுக்காகக் கீறினால் குருதி இழப்பு குறையும். தைத்த இடத்தின்மேல் சிறுநீர்ப்பையை ஒட்டிய சவ்வை இழுத்து மூடிவிடலாம் என்பதால் தொற்றும் உள்ளே பரவாது. அடுத்த பேற்றில் தழும்பு பிளக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. கிளாஸ்கோ நகரின் மன்ரோ கெர் இம்முறையை 1920களில் வற்புறுத்தி எழுதினார். மருத்துவ உலகம் அவரை எளிதில் ஏற்கவில்லை. கீழே கீறுவதற்குச் சிறுநீர்ப்பையைப் பிரித்து விலக்க வேண்டும்; கை பழகாத மருத்துவர்க்கு அது அச்சந்தரும் வேலை. மேலே கீறுவது விரைவானது, எளிதானது. யாருக்கு எளிது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரில் இந்தக் கீழ்ப்பகுதிச் சிசேரியனை வேரூன்றச் செய்தவர் ஷியர்ஸ். பழைய முறையை விலக்கி இதனையே வழக்கமாக்கினார், மாணவர்க்கும் கற்பித்தார். சல்ஃபா மருந்துகளும் பெனிசிலினும் அதே தலைமுறையில் வந்து சேர்ந்தன என்பதையும் மறக்கலாகாது. தாய்மார் பிழைத்ததற்கு முழுப் புகழையும் ஒரு கத்திக்கே கொடுத்துவிடுவது வரலாறாகாது. எனினும், அடுத்த பேற்றில் வயிறு பிளந்துவிடுமோ என்ற அச்சத்தை நீக்கியது மருந்தன்று. கத்தி விழுந்த இடமே.

அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வேறோர் அறுவையும் உண்டு. பிறவியிலேயே யோனிக்குழாய் அமையாத பெண்கள் சிலர் உள்ளனர். மணமான பிறகே பலருக்கு இது தெரியவந்தது. ஊரார் அவர்களை எவ்வாறு ஏசினர் என்பதை நாம் அறியாதவர் அல்லர். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையே பாதை அமைப்பதே அதற்கான அறுவை. இரண்டில் எது கிழிந்தாலும் வாழ்நாள் துன்பம். உடலில் எஞ்சியிருக்கும் கருக்காலக் குழாய்களின் தடத்தையே வழிகாட்டியாகக் கொண்டு ஊறின்றிப் பாதை அமைக்கும் நுட்பத்தை ஷியர்ஸ் வகுத்து, 1960இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவ்வாண்டே பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1971 ஜனவரி 2 அன்று அதிபரானார்.

அதே 1971இல், ஜூலை 30 அன்று, அதே கண்டாங் கெர்பாவில் மற்றோர் அறுவை நடந்தது. செய்தவர் தமிழர். இலங்கையில் 1928இல் பிறந்து, சிங்கப்பூரில் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியரான எஸ். எஸ். ரத்தினம். ஆணுடலோடு பிறந்து, பெண்ணாகவே தம்மை உணர்ந்த ஒருவர்க்கு அவர் பால்மாற்று அறுவை செய்தார். இந்நாட்டில் அதுவே முதலாவது. அதுவரை வசதியுள்ளோர் மொராக்கோவின் காசாபிளாங்கா வரை சென்று செய்துகொண்டனர். ரத்தினம் உடனே கத்தியை எடுத்துவிடவில்லை. பிணவறையில் சடலங்களின்மீது பழகிப் பார்த்தார். உளநல மருத்துவர் ஆராய்ந்து இசைந்த பின்னரே அறுவையை மேற்கொண்டார். இங்கும் பாதை அமைக்க வேண்டியிருந்தது சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலேதான்.

ரத்தினத்தைப் பற்றித் தமிழர் மேடைகளில் பேசும்போது நாம் விரும்பிச் சொல்வது வேறொன்று. 1983 மே மாதத்தில் அவர் தலைமையிலான குழுவின் முயற்சியால் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. "ஆசியாவின் முதல்" என்று அக்காலத்தில் பறைசாற்றப்பட்டது. இன்றும் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். என் கருத்தில் அது திருத்தப்பட வேண்டியது. கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் 1978 அக்டோபர் 3 அன்றே அத்தகைய குழந்தை பிறந்திருந்தது. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாள்களே ஆகியிருந்தன. மாநில அரசு அமைத்த குழு அவரை நம்ப மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிற்காலத்தில் இந்தியாவின் முதல்வர் எனப் புகழப்பட்ட டி. சி. ஆனந்த் குமாரே முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்து, அந்தப் பெருமை தமக்குரியதன்று என 1997இல் எழுதினார். ரத்தினத்தின் பணி இதனால் சிறிதும் குறையவில்லை. முதல் என்ற பட்டம் இல்லாவிடினும் பிள்ளைக்கு ஏங்கிய தாய்க்கு அது பிள்ளையே.

ஆனால் 1983ஐக் கொண்டாடும் நாம் 1971ஐ ஏன் விழுங்கிவிடுகிறோம்? பிள்ளைப்பேறு மங்கலம், மற்றது கூசத்தக்கது என்ற எண்ணமே காரணம் என்று கருதுகிறேன். ரத்தினம் அவ்வாறு கூசவில்லை. தொடர்ந்து பலர்க்கு அந்த அறுவையைச் செய்தார்; 1991இல் உடன் பணியாற்றியோருடன் சேர்ந்து அது குறித்து நூலும் எழுதினார். மாற்றத்தின் பின் அடையாள அட்டையில் பாலைத் திருத்திக்கொள்ள 1973இல் அரசு இசைந்தது. 1991இல் உயர் நீதிமன்றம், அவ்வாறு மாறியவரின் திருமணம் செல்லாது என ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அட்டை ஒன்று சொல்ல, சட்டம் வேறொன்று சொல்லும் நிலை. 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பட்ட பிறகே அத்திருமணங்கள் செல்லுபடியாயின. தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கு நலவாரியம் அமைந்தது அதற்கும் 12 ஆண்டுகள் கழித்து, 2008இல்.

சட்டம் திருந்திய மறு ஆண்டு, 1997இல், மருத்துவமனை தேக்காவிலிருந்து புக்கிட் தீமா சாலையின் மறுபுறம் இடம் பெயர்ந்தது. ஹாம்ப்ஷயர் சாலையில் இருந்த பழைய கட்டடங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகங்களாயின. கிராஞ்சியிலிருந்து 170ஆம் எண் பேருந்தில் சென்றால் அவ்வழியே போகலாம்.