கரியில் ஓடி, டீசலுக்கு மாறி: நெல்லைச் சீமையின் பழைய கார்கள்

பழைய காரை வாங்கி, எஞ்சினை மாற்றி, தகட்டைச் சீர்செய்து, அன்றாட ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் தாமிரபரணிக் கரையூர்களில் அழகுக்காக வளர்ந்ததல்ல. பாபநாசத்தில் தொடங்கி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து, பிறகு ஸ்ரீவைகுண்டம் நோக்கி இறங்கும் ஆற்றோரச் சாலையில் ஓடிய கார்களை மாற்றியது எரிபொருள். பெட்ரோல் கிடைக்காதபோது கரிக்கும், விலை தாங்காதபோது டீசலுக்கும், பின்னர் எரிவாயுவுக்கும் வண்டிகள் மாறின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு தட்டுப்பாடோ விலையேற்றமோ இருக்கிறது.

இந்த வரலாற்றின் முதல் பெரிய பெயர் நெல்லை மாவட்டத்துக்காரருடையது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தார். 1912-இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய அவருடைய நிறுவனம், தேய்ந்த டயருக்கு மறுவாழ்வு தரும் ரீட்ரெடிங், உதிரிபாக விற்பனை, பழுதுபார்ப்பு என்று விரிந்து, தென் மாவட்டங்களின் மோட்டார் தொழிலுக்கே அடித்தளமானது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. வண்டி இருந்தும் ஓட்ட வழியில்லாத நிலை. அப்போது அவர் வடிவமைத்துத் தயாரித்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். தமிழ்நாட்டில் ஓடும் வண்டியை வேறொரு எரிபொருளுக்கு மாற்றும் வேலை பெருமளவில் நடந்தது அதிலிருந்துதான் என்று கொள்ளலாம்.

கேஸ் பிளான்ட் இயங்கிய விதம் எளியது, ஆனால் உழைப்பு வாங்குவது. வண்டியின் பின்புறம் பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரியை நிரப்பிப் பற்றவைத்து, போதாத காற்றில் எரியவிட வேண்டும். அப்படி எரியும் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. அந்த வாயுவைக் குழாய்களில் ஆறவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பினால் வண்டி ஓடும். எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிடும். காலையில் தணல் பிடிக்கும்வரை ஊதுவிசிறியைக் கையால் சுற்ற வேண்டும். நாள்தோறும் சாம்பல் அள்ள வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும். வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் இந்த உருளைகள் கழற்றப்பட்டு இரும்புக் கடைகளுக்குப் போயின. ஆயினும், உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒரு வண்டியின் எரிபொருளை மாற்றிவிடலாம் என்ற துணிவு மெக்கானிக்குகளிடம் தங்கிவிட்டது. பின்னால் நடந்தவற்றுக்கு அந்தத் துணிவே முதல் என்று சொல்லத் தோன்றுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் கார்ச் சந்தையின் முகம் மாறியது. இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் 1950-களின் முற்பகுதியில் வெளியேற நேர்ந்தது. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸும் சென்னையில் ஃபோர்டும் நடத்திய, பாகங்களைக் கோத்து வண்டியாக்கும் ஆலைகள் மூடப்பட்டன. பெருநிலக்காரர்களும் வணிகர்களும் வைத்திருந்த செவர்லே, ஃபோர்டு, பிளிமத் கார்களுக்கு உதிரிபாகம் அரிதாயிற்று. ஊர்வழக்கில் ‘பிளசர்’ எனப்பட்ட அந்த வண்டிகளை ஓட்டிவந்தவர்கள் லேத் பட்டறைகளை நம்ப வேண்டியதாயிற்று. சிலிண்டரை ரீபோர் செய்து ஸ்லீவ் இறக்குவதும், கிராங்க்கைக் கிரைண்ட் செய்வதும், கிடைக்காத புஷ்ஷைப் பித்தளையில் கடைந்து கொடுப்பதும் அன்றாட வேலைகளாயின. அதே 1950-களில் சென்னையின் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை இங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. பெட்ரோல் லாரிகளில் பெர்க்கின்ஸ் பி6 எஞ்சினைத் தூக்கி வைக்கும் வேலையில் கைதேர்ந்தவர்கள் உருவானார்கள்.

சந்தையில் எஞ்சியவை மூன்று கார்கள்: வங்காளத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நெல்லைப் பக்கத்து வாடகைக் கார் ஸ்டாண்டுகளில் நிலைத்தது அம்பாசிடர். ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950-களின் இறுதியில் வந்த அந்த வண்டி, உயர்ந்த கூரை, அகன்ற பெஞ்ச் சீட், பின்பக்கப் பட்டை வில் ஆகியவற்றால் கூட்டுக் குடும்பத்தையும் சாமான்களையும் சேர்த்துச் சுமந்தது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம், ஜூன் முதல் சீசன் காலத்தில் குற்றாலம், விசேஷ நாட்களில் திருச்செந்தூர், கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறிச் சபரிமலை என்று ஆண்டு முழுதும் அதற்கு வேலை இருந்தது. இந்த ஓட்டங்களில் பாதி மலையேற்றம். ஏற்றத்தில் பெட்ரோல் எஞ்சின் குடிக்கும் எண்ணெயே டாக்சிக்காரரின் வருமானத்தைத் தீர்மானித்தது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கு விலையேறியது. இந்தியாவில் பெட்ரோலைப் பணக்காரர்களின் எரிபொருளாகக் கருதி அரசு வரியைக் கூட்டியது. லாரிக்கும் பேருந்துக்கும் உழவுக்கும் வேண்டியது என்பதால் டீசலின் விலையைத் தாழ்த்தி வைத்தது. இந்த இடைவெளிதான் அம்பாசிடரை மாற்றியது. 1980-ஐ ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே டீசல் அம்பாசிடரைக் கொண்டுவந்தது. புதிய டீசல் கார் வாங்க வசதியில்லாதவர்கள், கையில் இருந்த அல்லது குறைந்த விலைக்கு வந்த பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு தொழில்நுட்ப வசதி இருந்தது. நிறுவனம் கொடுத்த டீசல் எஞ்சின், பழைய பெட்ரோல் எஞ்சினின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேய பி.எம்.சி. நிறுவனத்தின் 1489 சி.சி. வடிவமைப்பே இரண்டுக்கும் மூலம். அதனால் பழைய கியர் பாக்ஸுடன் சேர்ப்பதும் எஞ்சின் தாங்கிகளில் உட்கார வைப்பதும் பெரிய போராட்டமாக இல்லை. போராட்டம் மற்ற இடங்களில் இருந்தது. டீசல் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 20-க்கு மேல், அதைச் சுற்றிக் கிளப்ப வலுவான ஸ்டார்ட்டரும் பெரிய பேட்டரியும் வேண்டும். குளிரில் கிளம்ப ஹீட்டர் பிளக், அதற்கொரு தனி சுவிட்ச். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் மட்டும் போதாது, மிஞ்சிய டீசல் திரும்பிவர இன்னொரு குழாய் வேண்டும். எஞ்சினின் எடை கூடியதால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். அம்பாசிடரின் முன்சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பாரைக் கழற்றித் திருகி, உயரத்தைச் சரிசெய்து மாட்ட வேண்டும்.

வேகமும் குறைந்தது. பெட்ரோல் எஞ்சின் 50 குதிரைத்திறனை ஒட்டித் தந்த இடத்தில் டீசல் தந்தது 37 மட்டுமே. அதிர்வும் இரைச்சலும் புகையும் கூடின. ஆனாலும் லிட்டருக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடிய வண்டி 14-ஐ நெருங்கியது, அதுவும் பாதி விலை எண்ணெயில். டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு அந்த இரைச்சல் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

பிறகு வலுவான எஞ்சின்களைத் தேடும் காலம் வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா காரில் வந்த ஜப்பானிய இசுசு எஞ்சின்கள் அம்பாசிடருக்குள் ஏறின. 1990-களில் நிறுவனமும் அதே வழியில் போய், இசுசு 1800 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் 5 கியரும் கொண்ட அம்பாசிடரை விற்றது, பின்னர் 2 லிட்டர் இசுசு டீசலையும் தந்தது. மட்டடார் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தியவர்களும் உண்டு. இவை பி.எம்.சி. குடும்பத்தவை அல்ல என்பதால் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கடைந்தெடுத்த தகட்டு வளையம் வேண்டியிருந்தது, அல்லது கியர் பாக்ஸையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. வலு கூடிய வண்டிக்குப் பழைய டிரம் பிரேக் போதாது. டீசல் எஞ்சினில் காற்றை மடக்கும் திராட்டில் இல்லாததால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் தானாகக் கிடைக்காது, அதற்கென்று தனி பம்பு வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விட்ட வண்டிகள்தான் இந்த வழக்கத்தின் மிகப் பெரிய குறை.

மலையில் இந்த வேலை ஜீப்புகளில் நடந்தது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையாக பாம்பே பர்மா டிரேடிங் நிறுவனத்துக்குக் கொடுத்த 8,374 ஏக்கரில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. மணிமுத்தாறு வழியாக ஏறும் அந்தப் பாதை போன்ற சாலைகளுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே ஏற்றது. மஹிந்திரா 1940-களின் இறுதியில் பாகங்களைக் கோத்து உருவாக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் செலவு பிடிப்பது. தமிழகத்தின் மலைத் தோட்டப் பகுதிகளில் அவற்றுக்குப் பெர்க்கின்ஸ், பின்னர் மஹிந்திராவே தயாரித்த பெஜோ டீசல் எஞ்சின் என்று மாற்றிப் போட்டு, வண்டியின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டித்தார்கள்.

அம்பாசிடர் வாங்குவோருக்கு ஒரு முக்கிய வாசல் அரசு ஏலம். துறைகள் கழித்துவிடும் வெள்ளை அம்பாசிடர்கள் ஏலத்துக்கு வரும். அவற்றை எடுப்பவர் முதலில் பார்ப்பது எஞ்சினையல்ல, அடித்தகட்டை. அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும், கால் வைக்கும் பிளாட்பாரமும், பின்வில் மாட்டும் இடமும் துருப்பிடித்துவிட்டால் வண்டியின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் வைப்பது நல்ல டிங்கர் வேலை, துருவின்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது கண்கட்டு வேலை. பின்னதில் ஏமாந்தவர்களுக்கு அடுத்த மழைக்காலத்தில் உண்மை தெரியும். ஸ்டியரிங்குக்கு அடியில் கியர் கைப்பிடி கொண்ட பழைய வண்டிகளில் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்து கியர் சிக்கும், பலர் அதைத் தரை கியராக மாற்றிக்கொண்டார்கள். கிரீஸ் நிப்பிள்களுக்கு மாதந்தோறும் கிரீஸ் அடிக்காத வண்டியில் முன்சக்கரத் தாங்கிகள் சீக்கிரம் ஆட்டம் காணும்.

1990-களில் இன்னொரு மாற்றம் பரவியது. பெட்ரோல் கார்களிலும் மாருதி ஆம்னி வேன்களிலும் வீட்டுச் சமையல் சிலிண்டரைப் பின்னால் வைத்து ஓட்டினார்கள். மானிய விலை எரிவாயு பெட்ரோலைவிட மலிவு என்பதே காரணம். இது சட்டவிரோதம் மட்டுமல்ல, மிக ஆபத்தானதும்கூட: சமையல் சிலிண்டரில் வண்டிக்குரிய பாதுகாப்பு வால்வுகள் இல்லை, மூடிய வேனுக்குள் கசிந்தால் ஒரு பொறி போதும். 2000-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, மறு ஆண்டில் தனி ஆணையும் வந்த பிறகே அங்கீகரிக்கப்பட்ட டேங்க், கிட் ஆகியவற்றோடு வாகன எரிவாயு முறையாயிற்று. அதே 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு காப்பாக இருந்தது, அது போனதும் ஹெட்டைக் கழற்றிக் கடினமான உலோக இருக்கைகளைப் பொருத்துவது சீரமைப்பின் ஒரு படியாகச் சேர்ந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

டீசல் மாற்றத்தின் பொருளாதாரம் மெல்லத் தேய்ந்தது. 1998-இன் இறுதியில் அறிமுகமான டாடா இண்டிகா, டீசல் காரைச் சிறு குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. 2010-இல் பெட்ரோலின் விலைக் கட்டுப்பாடும் 2014 அக்டோபரில் டீசலின் விலைக் கட்டுப்பாடும் நீங்க, இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளி சுருங்கியது. அந்த ஆண்டு மே மாதமே உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது.

சட்டமும் இறுகியது. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் தொடக்கத்தில், பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற்று வண்டியை மாற்ற இடம் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் 52-ஆம் பிரிவை மாற்றி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம் என்றது. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குத் தனிப் பதிவு தருகின்றன. ஆனால் எஞ்சினோ உடலோ மாறியிருக்கக் கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. உழைப்புக்காகவே மாற்றப்பட்ட நெல்லையின் டீசல் அம்பாசிடர் இந்த இரண்டு நிபந்தனைகளிலும் தோற்கிறது. காட்சிக்கு வைத்த காரைவிட உழைத்த காரே ஓர் ஊரின் வரலாற்றை அதிகம் சொல்லும் என்பதை இந்த விதிகள் கணக்கில் எடுக்கவில்லை.

எனவே டி.என். 72, டி.என். 76 எண்களிலோ அதற்கு முந்தைய மூன்றெழுத்து எண்களிலோ இன்றும் கைமாறும் அம்பாசிடரில் ஆர்.சி. புத்தகமே முதல் உதிரிபாகம். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று திருத்தப்பட்டிருக்கிறதா, புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். பழைய சட்டத்தின் காலத்திலேயே ஒப்புதல் பெற்றுப் பதிவான மாற்றம் பெயர் மாற்றத்துக்கும் எஃப்.சி.க்கும் தடையாவதில்லை. டெல்லியில் உள்ளதுபோல் வயதை வைத்து டீசல் வண்டியை விலக்கும் தடை தமிழ்நாட்டில் இல்லாததால், 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. புத்தகத்தில் ஏறாத எஞ்சின் மாற்றமுள்ள வண்டியை முறைப்படுத்த, மூல எஞ்சின் வகையைத் தேடிப் பிடித்து மீண்டும் பொருத்துவதே பெரும்பாலும் மிஞ்சும் வழி.