இரண்டு தீர்ப்புகளும் ஒரு நீதிபதியும்: இர்விங் கோஃப்மன் விட்டுச்சென்றது

1953 ஜூன் 19ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் ஜூலியஸ் ரோசன்பேர்க், எத்தல் ரோசன்பேர்க் என்ற கணவனும் மனைவியும் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். 27 ஆண்டுகள் கழித்து, 1980 ஜூன் 30ஆம் திகதி, நியூயோர்க்கில் இயங்கும் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. பராகுவே நாட்டுப் பொலிஸ் அதிகாரி ஒருவர் தனது நாட்டில், தனது நாட்டவர் ஒருவரைச் சித்திரவதை செய்து கொன்றதாகச் சொல்லும் வழக்கை அமெரிக்க நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. முதல் வழக்கில் மரண தண்டனை விதித்தவரும் இரண்டாவது தீர்ப்பை எழுதியவரும் ஒருவரே. அவர் பெயர் இர்விங் கோஃப்மன்.

எங்கள் ஊடகங்களில் இவரைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதில்லை. ஆனால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டத்தைச் செய்தியாக்கச் சென்ற நாட்களிலிருந்து, தாய்மார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது: “இங்க நீதி கிடைக்காது பிள்ளை, வெளிநாட்டுக் கோட்டில கேஸ் போடேலாதா?” அந்தக் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதி இந்த மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது.

நீதிபதியாக வந்த வழி

கோஃப்மன் 1910 ஜூன் 24ஆம் திகதி நியூயோர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கர்களின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கு கட்டாயமாக இருந்த கத்தோலிக்க சமய பாடங்களில் அவர் வாங்கிய புள்ளிகளைப் பார்த்துக் கூடப் படித்தவர்கள் அவரைப் “பாப்பரசர் கோஃப்மன்” என்று கேலி செய்தார்கள். அரச தரப்பு வழக்குத்தொடுநராகப் பெயர் எடுத்தபின், 1949இல் ஜனாதிபதி ட்ரூமன் அவரைச் சமஷ்டி மாவட்ட நீதிபதியாக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 39. 1961இல் ஜனாதிபதி கென்னடி அவரை இரண்டாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். 1973 முதல் 1980 வரை அதன் பிரதம நீதிபதியாகவும் இருந்தார்.

அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றங்கள் மூன்று படிகளைக் கொண்டவை. கீழே மாவட்ட நீதிமன்றம், நடுவில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மேலே உயர் நீதிமன்றம். நடுப்படியில் 13 நீதிமன்றங்கள் இருக்கின்றன. நியூயோர்க், கனெக்டிகட், வெர்மொன்ட் ஆகிய மூன்று மாநிலங்களின் மேன்முறையீடுகள் இரண்டாம் வட்டாரத்துக்குப் போகும். சாட்சிகளை மறுபடி விசாரிப்பது அதன் வேலை அல்ல. கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தியதா என்று பெரும்பாலும் மூன்று நீதிபதிகள் சேர்ந்து பார்ப்பார்கள். உயர் நீதிமன்றம் ஆண்டுக்கு மிகச் சில வழக்குகளையே எடுப்பதால், பெரும்பாலானவர்களுக்கு இதுவே கடைசிப் படி.

ரோசன்பேர்க் வழக்கு

1951 மார்ச்சில் ரோசன்பேர்க் தம்பதியினரின் விசாரணை தொடங்கியபோது கோஃப்மன் மாவட்ட நீதிபதியாக இருந்தார். அணுகுண்டு இரகசியங்களைச் சோவியத் யூனியனுக்குக் கடத்தச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. நாட்டுக்குள் கொம்யூனிஸ்ட் என்ற சொல்லே ஒருவரை எதிரியாக்கப் போதுமாக இருந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி இருவருக்கும் மரண தண்டனை விதித்த கோஃப்மன், அவர்கள் செய்தது கொலையைவிட மோசமான குற்றம் என்றார். கொரியப் போரில் அதுவரை ஏற்பட்ட 50,000க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளுக்கும் காயங்களுக்கும் அவர்களையே பொறுப்பாக்கினார். ஒரு போரின் முழுப் பாரமும் இரண்டு பேரின் தலையில் ஏற்றப்பட்டது. அவர்கள் கொல்லப்பட்ட நாளில் அவர்களுடைய பிள்ளைகள் இருவருக்கும் வயது 10, 6.

பிறகு வந்த தகவல்கள் கதையைச் சிக்கலாக்கின. 1995இல் அமெரிக்க அரசு வெளியிட்ட பழைய சோவியத் இரகசியத் தந்திகள், ஜூலியஸ் உளவு வேலை செய்ததை உறுதிப்படுத்தின. எத்தலின் நிலை வேறு. இரகசியக் குறிப்புகளை அவரே தட்டச்சு செய்தார் என்று நீதிமன்றத்தில் சொன்னவர் அவருடைய சொந்தத் தம்பி. அந்தத் தம்பி பல பத்தாண்டுகளுக்குப் பின், தான் அதைப் பொய்யாகச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். தன் மனைவியைக் காப்பாற்றவே அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாகவும் கூறினார்.

நீதிபதியின் நடத்தையும் கேள்விக்குள்ளானது. தண்டனை பற்றி அவர் வழக்குத்தொடுநர் தரப்புடன் தனியாகப் பேசியிருந்ததை 1970களில் வெளிவந்த எஃப்.பி.ஐ. ஆவணங்கள் காட்டின. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் இல்லாத இடத்தில் ஒரு தரப்புடன் மட்டும் நீதிபதி பேசுவது நீதிக்கு முரணானது. அந்தத் தண்டனை தவறு என்று கோஃப்மன் பகிரங்கமாக ஒருபோதும் சொல்லவில்லை.

தேசியப் பாதுகாப்பு என்ற சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் சாட்சியத்தின் எடை எப்படி மாறுகிறது என்பதைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பிய எங்கள் குடும்பங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இடைப்பட்ட ஆண்டுகள்

ரோசன்பேர்க் வழக்கோடு மட்டும் கோஃப்மனை நினைப்பவர்கள் மற்றத் தீர்ப்புகளைப் பார்ப்பதில்லை. 1961இல் நியூ ரொஷெல் நகரப் பாடசாலை வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளை ஒரே பாடசாலையில் ஒதுக்கிவைத்த கல்விச் சபையின் செயல் அரசியலமைப்புக்கு முரணானது என்றார். இன ஒதுக்கல் தென் மாநிலங்களின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த வட மாநிலங்களுக்கு அது அதிர்ச்சி. 1971இல் வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களை ‘நியூயோர்க் டைம்ஸ்’ வெளியிடுவதைத் தடுக்க அரசு முயன்றபோது, அவருடைய நீதிமன்றத்தின் பெரும்பான்மை உடனடி அனுமதி தரவில்லை. கோஃப்மன் சிறுபான்மையோடு பத்திரிகையின் பக்கம் நின்றார். 1975இல் பாடகர் ஜோன் லெனனை நாடுகடத்தும் உத்தரவை ரத்துச் செய்த தீர்ப்பும் அவர் எழுதியதே.

பராகுவேயின் 17 வயதுப் பையன்

1976 மார்ச் 29ஆம் திகதி பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் ஜோலிட்டோ பிலார்ட்டிகா என்ற 17 வயது இளைஞன் கடத்தப்பட்டான். அவனுடைய தந்தை ஜோயல் பிலார்ட்டிகா ஒரு மருத்துவர், ஓவியர், சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னரின் ஆட்சியை எதிர்த்தவர். தந்தையின் அரசியலுக்காகவே மகன் பழிவாங்கப்பட்டான் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. அன்றிரவு அவனுடைய அக்கா டொலி, பொலிஸ் அதிகாரி அமெரிக்கோ பெனியா இராலாவின் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தம்பியின் உடலைக் காட்டினார்கள். உடல் முழுதும் சித்திரவதையின் அடையாளங்கள். அலறிக்கொண்டு வெளியே ஓடிய அவரைப் பின்தொடர்ந்த பெனியா, நீங்கள் தேடிக்கொண்டது இதுதான், இனி வாயை மூடிக்கொண்டிருங்கள் என்ற பொருளில் கத்தினார்.

குடும்பம் வாயை மூடவில்லை. பராகுவேயில் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய சட்டத்தரணி கைதுசெய்யப்பட்டு, மிரட்டப்பட்டு, பின்னர் தொழில் செய்யும் உரிமையையும் இழந்தார். வேறொருவர் தன் மனைவியோடு ஜோலிட்டோவைக் கண்டு ஆத்திரத்தில் கொன்றதாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். மூன்று தனித்தனிப் பிரேத பரிசோதனைகள் அந்தக் கதைக்கு எதிராக இருந்தும் வழக்கு நகரவில்லை.

1978 ஜூலையில் பெனியா பார்வையாளர் விசாவில் அமெரிக்கா வந்து, விசா முடிந்த பின்னும் நியூயோர்க்கின் புரூக்லினில் தங்கினார். அரசியல் தஞ்சம் கோரி வொஷிங்டனில் இருந்த டொலிக்கு இது தெரியவந்தது. அவர் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவித்தார். 1979 ஏப்ரலில் பெனியா கைதானார். நாடுகடத்தலுக்காகக் காத்திருந்த அவருடைய கையில், தடுப்பு இடத்தில் வைத்தே அழைப்பாணை கொடுக்கப்பட்டது. டொலியும் தந்தையும் ஒரு கோடி டொலர் இழப்பீடு கேட்டிருந்தார்கள்.

அவர்களுடைய சட்டத்தரணிகள் தூசி தட்டி எடுத்தது 1789ஆம் ஆண்டின் சட்டப் பிரிவு ஒன்றை. சர்வதேசச் சட்டத்தை மீறி இழைக்கப்பட்ட தீங்குக்காக வெளிநாட்டவர் ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்கிறது அது. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் அது மிக அரிதாகவே பயன்பட்டது. மாவட்ட நீதிபதி, முந்தைய தீர்ப்புகளால் தன் கை கட்டப்பட்டிருப்பதாகக் கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பெனியா பராகுவேக்குத் திரும்பிவிட்டார்.

மேன்முறையீட்டில் மூன்று நீதிபதிகளும் ஒருமித்து அதை மாற்றினார்கள். தீர்ப்பை எழுதிய கோஃப்மனின் வாதம் இதுதான்: ஓர் அரசு தன் குடிமக்களை நடத்தும் விதம் அதன் உள்வீட்டு விவகாரம் அல்ல. உலக நாடுகள் எல்லாம் சித்திரவதையைத் தடைசெய்ய உடன்பட்டிருக்கின்றன. நடைமுறையில் அதைச் செய்யும் அரசுகூட, செய்வது எங்கள் உரிமை என்று சொல்வதில்லை. செய்யவில்லை என்று மறுக்கவே செய்கிறது. ஆகவே தடை எல்லோரையும் கட்டுப்படுத்தும். முன்பு கடற்கொள்ளையரும் அடிமை வியாபாரிகளும் இருந்த இடத்தில் இப்போது சித்திரவதை செய்பவர் இருக்கிறார், அவர் மனித குலம் முழுவதுக்கும் எதிரி என்று அவர் முடித்தார்.

1984இல் மாவட்ட நீதிமன்றம் 10,385,364 டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் குடும்பத்தின் கைக்கு வரவில்லை. ஆனால் அந்த வழியில் பலர் நடந்தார்கள். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஆட்சியில் பாதிக்கப்பட்டவர்களும், பொஸ்னியப் போரில் கராட்சிச்சின் படைகளால் பாதிக்கப்பட்ட பெண்களும் அமெரிக்க நீதிமன்றங்களில் வென்றார்கள். 1992 மார்ச்சில் சித்திரவதைக்கு உள்ளானோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன், பெப்ரவரி 1ஆம் திகதி, கோஃப்மன் 81 வயதில் இறந்துவிட்டார். அவருடைய இறுதிச் சடங்கிலும் ஒருவர் எழுந்து, ரோசன்பேர்க் தம்பதியைக் கொன்றவர் இவர் என்று கத்தினார்.

இலங்கை இந்தக் கதவைத் தட்டியபோது

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011இல் வொஷிங்டனில் மஹிந்த ராஜபக்சவுக்கு எதிராக ஒரு வழக்குத் தொடரப்பட்டது. தொடுத்தவர்களில் ஒருவர், 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களில் ஒருவரின் தந்தை. பதவியில் இருக்கும் அரச தலைவருக்கு விலக்குரிமை உண்டு என்று அமெரிக்க அரசு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2012இல் வழக்குத் தள்ளுபடியானது. 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

2019 ஏப்ரலில், ஊடகவியலாளர் லசந்த விக்கிரமதுங்கவின் கொலை தொடர்பாக அவருடைய மகள் கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராகக் கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தார். அப்போது கோட்டாபய பதவியில் இல்லை. ஆனாலும், பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது செய்ததாகச் சொல்லப்படும் செயல்களுக்கு விலக்குரிமை உண்டு என்று கூறி ஒக்டோபரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதம் அவர் ஜனாதிபதியானார். சித்திரவதைக்குள்ளான தமிழர்கள் தொடுத்த வழக்கும் விசாரணைக்கு வரவில்லை.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. சோமாலியாவின் முன்னாள் பிரதமர் மொகமட் அலி சமந்தார் வேர்ஜீனியாவில் குடியிருந்தபோது அவருக்கு எதிராக வழக்குப் போடப்பட்டது. சித்திரவதை போன்ற குற்றங்களுக்கு அதிகாரி என்ற விலக்குரிமை கிடையாது என்று 2012இல் நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆக, அமெரிக்க நீதிமன்றங்களே இந்த விடயத்தில் ஒரே குரலில் பேசவில்லை.

தாய்மாரிடம் என்ன சொல்வது

வழக்குப் போடலாம், ஆனால் சில நிபந்தனைகள் இருக்கின்றன என்பதே நேர்மையான பதில். குற்றம் சாட்டப்படுபவர் அந்த நாட்டு நீதிமன்றத்தின் எட்டுக்குள் வரவேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சொந்த நாட்டில் இருக்கும் வழிகளை முதலில் தேடியிருக்க வேண்டும். பத்து ஆண்டு கால எல்லை உண்டு. குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டுமே அது நீட்டப்படும். வென்றாலும் கிடைப்பது இழப்பீட்டுத் தீர்ப்பு, சிறைத் தண்டனை அல்ல. 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லையையும் உயர் நீதிமன்றம் 2004இலிருந்து படிப்படியாகச் சுருக்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்வேன். பிலார்ட்டிகா குடும்பத்துக்கு நல்ல நீதிபதி ஒருவர் வாய்த்தார் என்று மட்டும் இந்தக் கதையைச் சுருக்கக்கூடாது. அதே நீதிபதியின் கையால்தான் எத்தலும் செத்தார். 1980இல் அவருடைய மேசைக்கு ஒரு நல்ல தீர்ப்பு எழுதக்கூடிய கோவை போய்ச் சேர்ந்தது என்பதே முக்கியம். அதில் மூன்று பிரேத பரிசோதனை அறிக்கைகள் இருந்தன. உள்நாட்டில் வழக்குப் போட்டு அது முடக்கப்பட்டதற்கான ஆதாரம் இருந்தது. தம்பியின் உடலைக் கண்ட அக்காவின் சாட்சியம் இருந்தது. எல்லாவற்றையும் அந்தக் குடும்பம், எந்த நீதிமன்றம் கேட்கும் என்றே தெரியாத காலத்தில் சேர்த்து வைத்தது.

எங்கள் வீடுகளில் இந்தக் கோவை பெரும்பாலும் ஒரு சொப்பிங் பையில் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மங்கிப்போன புகைப்படம். அவற்றைப் படியெடுத்து ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். யாரை, எந்த நாளில், எந்த இடத்தில், யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதைத் திகதியோடு எழுதிக் கையொப்பமிடுங்கள். கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதையும் எழுதி வாங்குங்கள். போராட்டப் பந்தலில் இருந்த தாய் தந்தையர் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் கண்டதை எழுதி வைக்காத வீடுகளில் அந்தச் சாட்சியமும் அவர்களோடு போய்விட்டது.